சைபருக்குக் கீழே

"ஒண்ணரை" என்றார் வாத்தியார்.

நர்ஸின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

"சார், முழு எண்ணாச் சொல்லுங்க. வலியே இல்லைன்னா சைபர். தாங்கவே முடியாத வலின்னா பத்து. நடுவுல அரையெல்லாம் இந்தத் தாள்ல கிடையாது."

"ஏன் கிடையாது? ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல எத்தனை எண் இருக்குன்னு உங்க டாக்டருக்குத் தெரியுமா? எண்ணி முடிக்க முடியாதும்மா. அத்தனையையும் அவர் பாட்டுக்குத் தூக்கிப் போட்டுட்டாரா?"

"அப்போ ரெண்டுன்னு எழுதிக்கட்டுமா?"

"ரெண்டு, பக்கத்துக் கட்டில்காரர் சொன்னது. நான் சொன்னது ஒண்ணரை."

ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்த பேக்கரிக்காரர், மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடியே குரல் கொடுத்தார்.

"சிஸ்டர், எனக்கு ரெண்டுன்னா எழுதினீங்க? அது தூக்கக் கலக்கத்துல சொன்னது. ஒண்ணுன்னு மாத்திக்குங்க."

"அவர் மாத்தினா நானும் மாத்துவேன்" என்றார் வாத்தியார். "எழுதிக்கோம்மா. முக்கால்."

இருவரும் சம்பந்திகள். வாத்தியார் மாப்பிள்ளையின் அப்பா. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். பேக்கரிக்காரர் பெண்ணின் அப்பா. கல்யாணத்தன்று பேக்கரிக்காரர் தம் கையாலேயே செய்து கொண்டுவந்த கேக்கை வாத்தியார் ஒரு வாய் தின்றுவிட்டு, "நடுவுல கொஞ்சம் வேகலை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதை மூன்றாவது ஆள் மூலமாகச் சொல்லிக்கொள்வார்கள். மூன்றாவது ஆள் கிடைக்காதபோது சுவரைப் பார்த்துச் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அந்த வழக்கத்தால்தான். பிள்ளைகள் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு இருவரும் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். படி திரும்பும் இடத்தில் ஒருவர் சுவரிடம், "இடப்பக்கம் திருப்பணும்" என்றார். மற்றவர் கைப்பிடிக் கம்பியிடம், "வலப்பக்கம்தான்" என்றார். பீரோ இரண்டு பேச்சையும் கேட்காமல் நேராகக் கீழே வந்தது. வாத்தியாருக்குத் தோள் எலும்பு போயிற்று. பேக்கரிக்காரருக்கு வலது முன்கையில் இரண்டு எலும்பும் போயின. பீரோவுக்கு ஒரு கீறல் கிடையாது.

இருவருக்கும் முழு மயக்கம் கொடுக்காமல், கைக்குப் போகும் நரம்புகளின் அருகே ஊசி போட்டு, கையை மட்டும் மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் முடித்திருந்தார்கள். ஊசி போட்ட இடத்தில் நூல் போன்ற ஒரு குழாயை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். ஒரு சின்ன பம்ப் அந்தக் குழாய் வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். அப்படி அனுப்பினால் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வலி எவ்வளவு குறைகிறது என்பதுதான் மயக்க மருந்து டாக்டர் செய்துவந்த ஆராய்ச்சி. கட்டில் கட்டிலாகப் போய் வலிக்கு எண் கேட்டு எழுதுவது நர்ஸின் வேலை. வார்டில் அவளுக்கு 'நம்பர் சிஸ்டர்' என்றே பெயர்.

அன்று காலையில்தான் இரண்டு பம்புகளில் ஒன்று திரை இருண்டு செத்துப்போயிற்று. முதல் ஊசியின் மரப்பும் இருவருக்கும் தெளியத் தொடங்கியிருந்தது. பழுது பார்ப்பவர் சாயங்காலம்தான் வருவார், மற்ற வார்டுகளிலும் அப்போதைக்கு உபரி பம்ப் இல்லை என்றார்கள். யாருக்கு எண் கூடுதலோ அவருக்கு பம்பைப் போடுவது, மற்றவருக்கு மாத்திரையோடு சமாளிப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். நர்ஸ் அதை இருவரிடமும் மறைக்காமல் சொன்னாள். நோயாளிக்குத் தெரியாமல் அவர் உடம்புக்கு எதுவும் செய்யக்கூடாது என்று நினைப்பவள் அவள்.

சொல்லிவிட்டுத்தான் எண் கேட்டாள். கேட்டதன் பலன், முக்கால்.

வராந்தாவில் டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"முக்காலா? இது என்னம்மா, காய்கறிக் கடையா?"

"சம்பந்திங்க சார். ஒருத்தரை விட ஒருத்தர் குறைச்சுச் சொல்றாங்க."

"ஓ, கௌரவப் போட்டி." டாக்டர் சிரிக்கப்போனவர் சிரிக்கவில்லை. "வாத்தியார் தோளைப் பத்தி எனக்குப் பயம் இல்லை. அந்த பேக்கரிக்காரர் முன்கைதான் கவலை. கட்டுக்குள்ள வீக்கம் ஏறினா உள்ளேயே ரத்த ஓட்டம் நசுங்கிடும். கொஞ்சம் அசந்தா அந்த விரலெல்லாம் அப்புறம் வேலைக்கு ஆகாது. மாவு பிசையற கை அது."

"விரலைப் பார்த்துட்டுத்தான் வர்றேன் சார். நிறம் நல்லாத்தான் இருக்கு."

"நிறம் கடைசியில மாறும்மா. முதல்ல வலிதான் வந்து சொல்லும். அந்த வலி மேல எழும்பி வரட்டும்னுதானே மருந்தையே இவ்வளவு லேசாக் கலக்கிறோம். வர்ற வலியை அவரே அமுக்கி வெச்சுட்டா நான் என்ன செய்யறது? ஜுரத்துக்கு ஒரு கருவி இருக்கு, ரத்த அழுத்தத்துக்கு ஒரு கருவி இருக்கு. வலிக்கு அந்த மனுஷன் வாய்தான் கருவி. அதைத் திறக்க வை."

நர்ஸ் தலையாட்டினாள். தினமும் காலையில் வார்டுக்குள் நுழையுமுன் கதவருகே ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வது அவள் வழக்கம். 'என்கிட்ட இவங்க உண்மையைச் சொல்லட்டும். சொல்லலாம்னு தோணுற மாதிரி நான் நடந்துக்கணும்' என்பதுதான் அவளுடைய பிரார்த்தனை. அன்று அதை இரண்டாம் முறையும் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் காரியமாக இரண்டு கட்டில்களுக்கும் நடுவே திரையை இழுத்தாள். வாத்தியாரின் காதருகே குனிந்து, "இப்போ ரகசியமா எனக்கு மட்டும் சொல்லுங்க சார்" என்றாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேக்கரிக்காரர் சொன்னார்: "சிஸ்டர், அடுப்புக்குள்ள ரொட்டி வெடிக்கிற சத்தத்தை வெச்சே பதம் சொல்றவன் நான். நீங்க பேசறது கேக்காதா? அவர் என்ன சொன்னாலும் எனக்கு அதுல பாதி."

"பாதிக்குப் பாதின்னு போனா சைபர் வரவே வராதுன்னு அவருக்குச் சொல்லும்மா" என்றார் வாத்தியார். "அதனால நான் நேரா சைபருக்கே வந்துடறேன்."

வாய்ப்பேச்சு உதவாது என்று நர்ஸுக்குப் புரிந்தது. அடுத்த தடவை இருவரிடமும், "பேசவே வேண்டாம், நல்ல கையால விரலைக் காட்டுங்க, போதும்" என்றாள். வாத்தியார் இடது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி, முஷ்டியாகக் காட்டினார். காலை வெயில் ஜன்னல் வழியே வந்து திரையின் மேல் விழுந்துகொண்டிருந்ததை நர்ஸ் யோசிக்கவில்லை. ஜன்னல் பேக்கரிக்காரரின் பக்கம் இருந்தது. அவர் தூக்கிய கையின் நிழல்தான் வாத்தியார் பக்கம் பூதம்போல விழுந்தது. அதுவும் முஷ்டிதான்.

"பார்த்தியாம்மா?" என்றார் வாத்தியார். "அவருக்கும் சைபராம். நான் மைனஸ் ஒண்ணு."

"சார், வலி மைனஸ் ஒண்ணுன்னா என்ன அர்த்தம்?"

"சுகமா இருக்குன்னு அர்த்தம்."

சொன்னவரின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவர் தலையணையோரம் கிடந்த துண்டின் முனை பல் பட்டுக் கசங்கியிருந்தது. நர்ஸ் துண்டைப் பார்ப்பதை அவர் பார்த்தார். மெல்ல அதை இழுத்துப் போர்வைக்குள் சொருகிக்கொண்டார்.

அந்த நேரத்தில் மருமகள் வந்தாள். அதாவது வாத்தியாருக்கு மருமகள், பேக்கரிக்காரருக்கு மகள். புருஷன் வேலை நிமித்தம் வெளியூரில் இருந்ததால் இரண்டு நோயாளிகளுக்கும் அவள் ஒருத்திதான் துணை. ஒரே பிளாஸ்க்கிலிருந்து இரண்டு டம்ளரில் பாலை ஊற்றி, யாருக்கு முதலில் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் நீட்டக் கற்றுக்கொண்டிருந்தவள்.

"சம்பந்தி நல்லாத் தூங்கினாராமா?" என்று மகளிடம் பேக்கரிக்காரர் கேட்டார். "இல்லை, புரண்டு புரண்டு படுத்தாராமா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"அவர்கிட்ட சொல்லும்மா" என்றார் வாத்தியார். "நான் கட்டை மாதிரி தூங்கினேன். யாரோதான் ராத்திரி முழுக்க முனகிட்டிருந்தாங்க."

"அது மின்விசிறி முனகல்னு சொல்லும்மா."

பேக்கரிக்காரர் மகளைக் கிட்டே அழைத்து அவள் காதில் என்னவோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் வாத்தியாரும் அவளைக் கூப்பிட்டுக் காதில் என்னவோ சொன்னார். அவள் முகம் என்னவோபோல் ஆயிற்று. நர்ஸைப் பார்த்து, "சிஸ்டர், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

நர்ஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒருவர் எண்ணை மற்றவருக்கு வேவு பார்த்துச் சொல்ல இவளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

"நீ நடுவுல மாட்டிக்காதேம்மா" என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்வது என்றால் ஆளைப் பிரிப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள். வராந்தாவுக்கு எதிர்ப்புறம் ஓர் அறை காலியாக இருந்தது. பேக்கரிக்காரரின் கட்டிலை அங்கே தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிரித்ததும் நிலைமை மோசமாயிற்று. முன்பு திரும்பிப் பார்த்தால் மற்றவர் முகமாவது தெரிந்தது. இப்போது அதுவும் இல்லாததால் இருவருமே உச்சபட்சக் கற்பனையில் இறங்கினார்கள். போகிற வருகிற ஆட்களையெல்லாம் நிறுத்தி விசாரித்தார்கள். தரை துடைக்க வந்த பெண்ணிடம் வாத்தியார், "எதிர் அறைக்காரர் முகம் எப்படி இருக்கு, சுளிச்சா சிரிச்சா?" என்று கேட்டார். அவள் சுளித்துத்தான் இருக்கிறது என்று சொல்ல, "பார்த்தியா!" என்று கட்டிலிலிருந்து பாதி எழுந்தே விட்டார்.

இதில் அந்த ஒற்றை பம்ப் வேறு. அது நிற்கும் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சென்று கத்தும். எந்த அறைக்குள் போகிறது என்பது இரண்டு அறைக்கும் கேட்கும்.

வாத்தியார் அறைக்கு அதைத் தள்ளிக்கொண்டு போனாள் நர்ஸ்.

"இதை ஏம்மா இங்கே கொண்டுவர்றே? எனக்கு எதுக்கு? அந்த ஆளுக்குத்தான் தேவைப்படும். கொண்டு போ."

பேக்கரிக்காரர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இங்கே யாரு கேட்டது? அடுப்புல சுட்டுச் சுட்டுக் காய்ச்சுப்போன உடம்பு சிஸ்டர் இது. சாக்பீஸ் பிடிச்ச கைக்குப் போய்ப் போடுங்க. அவருக்குத்தான் தாங்காது."

வேண்டாம் என்று சொல்கிறவர் உடம்பில் மருந்தை ஏற்ற முடியாது. கிறீச், கிறீச் என்று போய்ப் போய் வந்து, கடைசியில் பம்ப் வராந்தாவின் நட்டநடுவில் யாருக்கும் இல்லாமல் நின்றது. வராந்தாவில் நடந்துகொண்டிருந்த ஒரு நோயாளி அதில் தன் துண்டைக் காயப்போட்டார்.

டாக்டர் வந்து அதைப் பார்த்தார். துண்டை எடுத்து மடித்து உரியவரிடம் கொடுத்தார்.

"எண்ணே வேண்டாம்" என்றார். "குழந்தைகளுக்கு வெச்சிருக்கோமே முகப் படம், சிரிக்கிற முகத்துல ஆரம்பிச்சு அழுற முகம் வரைக்கும், அதைக் காட்டு. முகத்துல என்ன கௌரவம் பார்க்கப் போறாங்க?"

வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வரிசையாகப் பார்த்தார். சிரிக்கும் முகத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு, "இதைவிட நல்லாச் சிரிக்கிறது ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

பேக்கரிக்காரர் கடைசி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழியும் முகம்.

"இது என் சம்பந்தி மாதிரியே இல்லை? பாவம். இதை அவருக்குக் காட்டுங்க சிஸ்டர். எனக்கு அந்தச் சிரிக்கிறது."

சாப்பாட்டு நேரம் வந்தது. பேக்கரிக்காரர் ஒரு வாய்கூட உண்ணவில்லை. "பசி இல்லை" என்றார். நர்ஸ் டாக்டரிடம் ஓடினாள்.

"ஒண்ணு செய்" என்றார் டாக்டர், வெகுநேரம் யோசித்துவிட்டு. "ரெண்டு பேருக்கும் தோத்துடக் கூடாதுங்கறதுதான் பிரச்சினை. எதிராளி ஏற்கெனவே தோத்துட்டார்னு தெரிஞ்சா வாய் திறந்துடும். வாத்தியார்கிட்டப் போய், 'அவர் ஏழுன்னு சொல்லிட்டார்'னு சொல்லு. அவர்கிட்டப் போய் இவர் ஏழுன்னு சொல்லு."

"பொய் சொல்லணுமா சார்?"

"ஒரு கையைக் காப்பாத்தறதுக்கும்மா."

நர்ஸ் போனாள். வாயில் வராத வார்த்தையை வரவழைத்து, வாத்தியாரிடம் சொன்னாள்: "சார், அவர் கடைசியில சொல்லிட்டார். ஏழாம்."

அவர் முகத்தில் வெற்றி தெரியும் என்று எதிர்பார்த்தாள். வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார். அசைந்ததில் தோள் வலித்திருக்க வேண்டும், மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்தார்.

"ஏழா? ஏழுன்னா இன்னும் இங்கே நின்னு என்னம்மா பண்றே? மெஷினை அங்கே கொண்டு போ! எனக்குச் சைபர். எழுதிக்கோ. சைபர், சைபர்."

பேக்கரிக்காரரிடமும் போய்ச் சொன்னாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"அப்படிச் சொல்லிட்டாரா? ஏழுன்னு வாயால சொன்னாரா?" என்றார். "சரி, அப்போ அந்த மெஷின் இனிமே இந்தப் பக்கமே வர வேண்டாம். எனக்குச் சைபர். அந்தச் சக்கரத்துச் சத்தமே எனக்குப் பிடிக்கலை."

வராந்தாவில் நின்று தாளைப் பார்த்தாள் நர்ஸ். இரண்டு பேருக்கும் சைபர். ஆராய்ச்சி தொடங்கியதிலிருந்து இவ்வளவு அருமையான எண்ணை அவள் எழுதியதில்லை. உண்மையை வரவழைக்கத் தானும் இரண்டு பொய் சொல்லியாயிற்று. அவளுக்கு அழுகை வந்தது. கதவோரமாகத் திரும்பி நின்று கண்ணை மூடினாள். இம்முறை பிரார்த்தனைக்கு வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. 'தப்புப் பண்ணிட்டேன்' என்பது மட்டும் வந்தது. அதுவே போதுமென்று கடவுள் எடுத்துக்கொள்வார் என்று தோன்றியது.

தாளையும் பேனாவையும் பம்பின் மேல் வைத்துவிட்டு வெறும் கையோடு பேக்கரிக்காரரின் அறைக்குள் போனாள்.

"ஐயா, நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். வாத்தியார் ஏழுன்னு சொல்லவே இல்லை. அவரும் சைபர்னுதான் சொல்றார். உங்களை உண்மை பேச வெக்கணும்னு அப்படிச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. முகம் இன்னும் கொஞ்சம் வாடியது.

"இன்னும் சைபர்னா சொல்றார்? பிடிவாதம் பிடிச்ச மனுஷன்."

"நான் இனிமே எண் கேக்க மாட்டேன். சும்மா கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன். பரவாயில்லையா?"

"உக்காருங்க. காலையிலேருந்து நீங்களும் வண்டி தள்ளிட்டே இருக்கீங்க."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த அவர் விரல்களைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். சோதனை செய்யவென்று எடுக்கவில்லை. ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்தால் செய்யத் தோன்றுவதைச் செய்தாள். காலையில் அவள் பார்த்தபோது விரல்கள் நல்ல நிறமாக இருந்தன. இப்போதும் நிறம் நன்றாகவே இருந்தது. ஆனால் தொட்டபோது தோல் பலூனைப்போல விம்மி இறுகியிருந்தது. விரல்கள் லேசாக மடங்கிக் கிடந்தன.

நடுவிரலை மட்டும் மெதுவாக, வெகு மெதுவாக நிமிர்த்தினாள்.

பேக்கரிக்காரர் போட்ட சத்தத்தில் எதிர் அறையில் ஒரு டம்ளர் உருண்டது.

"எத்தனை ஐயா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"பத்து" என்றார் அவர், அழுதுகொண்டே. "பத்துக்கு மேல இருந்தா அது."

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. எலும்பு டாக்டர் ஓடிவந்தார். மாவுக்கட்டையும் உள்ளேயிருந்த பஞ்சையும் தோல் தெரியும்வரை நீளவாக்கில் பிளந்தார். பிளந்ததும் முன்கை, இறுக்கம் விட்டு மூச்சு வாங்குவதுபோல் விரிந்தது. கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் தளர்ந்தன. எலும்பு டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். இப்போது பேக்கரிக்காரர் பல்லைக் கடித்தார், ஆனால் கத்தவில்லை.

"தப்பிச்சது" என்றார் எலும்பு டாக்டர். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கத்தி வெக்க வேண்டியிருந்திருக்கும். அதுக்கப்புறமும் கை எப்படின்னு சொல்ல முடியாது."

மயக்க மருந்து டாக்டர் தாமே வராந்தாவுக்குப் போய் பம்பைத் தள்ளிக்கொண்டு வந்து பேக்கரிக்காரரின் குழாயில் இணைத்தார். இந்தத் தடவை அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்வதற்குத் தெம்பு இல்லை.

வாசலில் யாரோ நிற்பதுபோல் தெரிந்து நர்ஸ் திரும்பினாள். வாத்தியார். தோளில் தூளிக்கட்டோடு, காலில் செருப்பில்லாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், நீங்க ஏன் எழுந்து வந்தீங்க?"

"இவ்வளவு சத்தம் போட்டா மனுஷன் எப்படிப் படுத்திருக்கறது?" என்றார், கதவு நிலையைப் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கை?"

"தப்பிச்சது சார்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒற்றைக் கையால் அதை மறுபடி மாட்டத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

நர்ஸ் மற்ற வார்டுகளில் எல்லாம் கேட்டுக் கேட்டு, பிரசவ வார்டில் அதற்குள் ஒழிந்திருந்த ஒரு பம்பைக் கடனாக வாங்கி வந்தாள். வாத்தியாரின் கட்டிலருகே அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவர் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது வேற மெஷினா?"

"ஆமா சார். அது அங்கேயே ஓடிட்டிருக்கு."

"எட்டு" என்றார் வாத்தியார். "காலையிலேருந்தே எட்டுதான்மா. சீக்கிரம் போடு."

சாயங்காலம் பேக்கரிக்காரரின் கட்டிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு பம்புகளும் இரண்டு பக்கமும் மெல்லிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தன. நர்ஸ் எண் கேட்டாள். இவர் மூன்று என்றார், அவர் நாலு என்றார். யாரும் மாற்றவில்லை. தாள் முதல் தடவையாக நம்பும்படி இருந்தது.

"வலப்பக்கம் திருப்பியிருந்தா பீரோ வந்திருக்கும்" என்று பேக்கரிக்காரர் மின்விசிறியிடம் சொன்னார்.

"வலப்பக்கம் சுவர்தான் இருந்ததுன்னு யாராவது சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

வராந்தாவில் டாக்டர் கைகழுவிக்கொண்டே நர்ஸிடம் பேசினார். நெடுநேரம் கழித்து அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"கட்டுரையில இதை ஒரு வரியாவது எழுதணும்மா. சம்பந்திகளை ஒரே அறையில போட்டா வலி எண் குறையும். ஒருத்தர் தோத்தப்புறம்தான் பாரு, இன்னொருத்தர் வாய் திறக்கறார். கௌரவத்துக்காக ஒரு மனுஷன் கையையே இழக்கத் துணிவானா? நான் எத்தனையோ வருஷமா வலியைப் படிக்கிறேன், இந்த அகம்பாவத்துக்கு எங்கே ஊசி போடறதுன்னு மட்டும் இன்னும் கண்டுபிடிக்கலை."

பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வந்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீயாவது சொல்லும்மா" என்றார் டாக்டர். "ரெண்டு பேரும் உன் காதுல ரகசியம் பேசிட்டே இருந்தாங்களாமே. எதிராளி எண்ணை வேவு பார்க்கச் சொன்னாங்களா?"

அவள் அறைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கௌரவம் எங்கே சார் வந்துச்சு? ஒரே ஒரு மெஷின்தான் இருக்குன்னு சிஸ்டர் காலையில சொன்னதிலேருந்து, அப்பாவும் மாமாவும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம என் காதுல சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: 'நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதேம்மா, அந்த மெஷினை எப்படியாவது அவருக்கே போடச் சொல்லு.'"